ஒரே இழையில் பல வீடுகள்



பொருளாதாரம் பயின்ற ஒருவன் ஒளியிழையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடும். ஆனால் ஒருவருடைய கவனக்குறைவின் செலவைப் பிறர் ஏற்க நேரும்பொழுது, அது பொருளாதாரச் சிக்கலும் ஆகிவிடுகிறது.

ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் என்று பின்னர் பெயர் பெற்ற அத்திட்டத்தில் ‘ஜிபான்’ என்னும் முறை கையாளப்பட்டது. வீடுகளுக்கு இணைப்புத் தரவும் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே இழை, மின்சாரமே வேண்டாத ஒரு பிரிப்பானின் வழியாக 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகின்றது. செல்லும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும் திரும்பி வரும் ஒளி 1310 நானோமீட்டர் அலைநீளத்திலும் அமைவதால் இரண்டும் ஓர் இழையிலேயே மோதலின்றிப் பயணம் செய்கின்றன.

சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இழை பொதுவென்றால் அதன் பழுதும் பொதுவே. ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் மட்டுமே ஒளியை அனுப்ப வேண்டும். பழுதுற்ற ஒரு கருவி முறை தவறி ஒளி உமிழ்ந்தால், அப்பிரிப்பானில் உள்ள அனைவருடைய இணைப்பும் தடைப்படலாம்.

இதனினும் ஓசையின்றி நேர்வது எதிரொளிப்பு. இழையில் ஒளி செல்லும் மையப் பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். இணைப்பியின் முகத்தில் படியும் தூசி அவ்வழியை மறைப்பதோடு, இரு முகங்களும் சரியாகப் பொருந்தவும் விடுவதில்லை. இடையே காற்று புகுந்தால், கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். இவ்வாறு இரண்டு இடங்களில் நேர்ந்தால், இடையில் அகப்பட்ட ஒளி முன்னும் பின்னும் சென்று, காலந்தாழ்த்தி மூல ஒளியுடன் கலக்கிறது. குறுக்கீடு என்று நாம் சொல்வதில் ஒரு வகை இது.

பரிகாரம் எளியது. இணைப்பியின் முகத்தை 8 பாகை சாய்வாகத் தீட்டிவிட்டால், எதிரொளிக்கும் ஒளி மையப் பகுதியை விட்டு விலகிப்போகும். பச்சை நிற இணைப்பிகள் இவ்வகையின. நீல நிறத்தன சாய்வற்றவை. கைக்குக் கிடைத்ததென்று நீலத்தைப் பச்சையோடு சொருகினால் காற்றிடைவெளியை நாமே உண்டாக்கியவர்களாவோம். சொருகுவதற்கு முன் நுண்ணோக்கியால் பார்த்துத் துடைப்பது அதனினும் எளிய வேலை.

ஒரு மதிப்பீட்டைச் சரிபார்த்தபொழுது துடைப்புக் கருவியையும் நுண்ணோக்கியையும் சில்லறைச் செலவென்று நானே நீக்கியிருக்கிறேன். தூசிக்கென்று கணக்குத் தலைப்பு ஏதும் இல்லையல்லவா! பின்னர்ப் பழுது தேடி ஊர் ஊராகச் சென்ற வண்டிகளின் எரிபொருட் செலவு வேறொரு தலைப்பில் வந்தபடியால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் எவருமில்லை.

கிலோமீட்டர் கணக்கில் பணம் தந்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 இலட்சம் கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், அமைப்பதோடு பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் செய்கிறது. பின்னாளில் பழுது பார்க்க வேண்டியவரே இன்று இணைப்பதால், துடைத்துச் சொருகுவதில் அவருக்கே ஆதாயம் உண்டு. அத்துடன், ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு இணைப்பிலும் எதிரொளிப்பை அளந்து பதிவேட்டில் எழுதி வாங்கிய பின்னரே இறுதித் தவணையை வழங்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தாதாரர் வீட்டுச் சுவரில் உள்ள கடைசி இணைப்பியும் அப்பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.