மைனஸ் ஆறிலும் உறையாத தண்ணீர்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. உதிரிபாகங்களைக் குளிரில் வைத்துச் சோதிக்கும் சிறிய அறை அங்கே உண்டு. ஒரு நாள், மூடியைத் திறக்காத டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்றும் உள்ளே இருந்தது. வெளிப்புறம் தெர்மோகப்பிள் ஒட்டியிருந்தோம். போச்சம்பள்ளிப் பக்கத்துப் பயிற்சியாளர் ஒருவர் லாக் புத்தகத்தில், "பாட்டில் மைனஸ் 6 டிகிரி, தண்ணீர் உறையவில்லை" என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையில் அடித்தேன். "ஏன் தம்பி, தண்ணி எத்தனை டிகிரியில உறையும்னு அஞ்சாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லுமே!" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன். தெர்மோகப்பிளை மாற்றியதில் ஒரு ஷிப்ட் வீண்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க." மீட்டரில் அதே மைனஸ் 6. பாட்டிலை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். ஊசி ஊசியாகப் பனி கிளம்பி, கண் மூடித் திறப்பதற்குள் பாட்டில் முழுதும் வெளுத்தது. மீட்டரோ பூஜ்யத்தை நோக்கி ஏறியது! உறையும்போது சூடாவதா? எனக்குப் பேச்சு வரவில்லை.

இதைத்தான் சூப்பர்கூல்டு வாட்டர் என்பார்கள். மீக்குளிர் நீர் எனலாம். ஃபாரன்ஹீட் 1724-லேயே எழுதிவைத்த விஷயம். பனிக்கட்டி உருவாக முதலில் ஒரு விதை வேண்டும். மூலக்கூறுகள் சில கூடிப் படிகமாக முயன்றாலும், அது மிகச் சிறியதாக இருந்தால் மேற்பரப்பைத் தாங்கும் ஆற்றல் செலவு வரவை மிஞ்சிவிடுகிறது, கரைந்துபோகிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் பிழைக்கும். தூசியோ கீறலோ இருந்தால் வேலை சுலபம். எதுவுமே இல்லாத நுண்துளிகள் மைனஸ் 38 வரைகூடத் திரவமாகவே இருக்கும். நம் வெயில் ஊரிலும், உயர எழும் மேகங்களில் இப்படிப்பட்ட துளிகள் உண்டு. சில்வர் அயோடைடு அவற்றுக்கு விதையாகும் என்று வான்னகட் 1946-இல் கண்டுபிடித்தார். செயற்கை மழை முயற்சிகளில் ஒரு வகை அதை வைத்துத்தான்.

சூடானதற்குக் கணக்கு எளிது. ஒரு கிராம் உறைந்தால் சுமார் 80 கலோரி வெளிவரும். மைனஸ் 6-இலிருந்து பூஜ்யத்துக்கு வர ஒரு கிராமுக்கு ஆறே கலோரி போதும். ஆக நூறு கிராமில் ஏழெட்டு கிராம் உறைந்ததுமே எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மிச்சம் கூழ். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன், கூழேதான்.

இதற்குமேல் போனால் விஞ்ஞானிகளுக்கே வழக்கு. மற்ற திரவங்களில் பெரும்பாலானவை குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீர் 4 டிகிரிக்குக் கீழே விரிகிறது, மீக்குளிரிலும் விரிந்துகொண்டே போகிறது. அழுத்தினால் இன்னும் எளிதாக அமுங்குகிறது. ஏன்? ஆழ்ந்த குளிரில் தண்ணீர் இரண்டு வகைத் திரவமாகப் பிரிகிறது என்று 1992-இல் ஒரு குழு கணினிக் கணக்கில் சொன்னது. அப்படிப் பிரியாமலே இதை விளக்கலாம் என்று 1996-இல் ஸ்ரீகாந்த் சாஸ்திரியும் மூவரும் எழுதினார்கள். சாஸ்திரி பின்னாளில் பணியாற்றியது, நம் அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூரின் வடக்கே ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு மையத்தில். 2020-இல் லேசரும் எக்ஸ்-கதிரும் கொண்டு நடந்த சோதனை இரு திரவக் கட்சிக்குப் பலம் சேர்த்தது. அந்தக் குளிரில் தண்ணீர் நொடியில் உறைந்துவிடுவதால் அளப்பதே பெரும்பாடு.

அந்தத் தம்பியிடம் அதே பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அடித்த வரியின் கீழே அவர் திரும்ப எழுதினார், நான் கையெழுத்திட்டேன்.

கெமிஸ்ட்ரி லேப் ஃப்ரீசரில் நேற்றிரவே மூன்று பாட்டில் வைத்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் வாருங்கள். ஒன்றிரண்டு முன்னாடியே உறைந்திருந்தால் என்னைக் கேட்கக் கூடாது.