வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்

(2021 செப்டம்பரில் மேலப்பாளையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



இந்த மாதம் முதல் தேதியிலிருந்து 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் இந்த ஆண்டு ஜனவரியில் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் திறந்தன. மார்ச்சில் மறுபடியும் மூடப்பட்டன. ஏறக்குறைய ஒன்றரை வருடம் நம் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகளைத் தேடி நம் குழு வீடு வீடாகப் போய் வருகிறது. படிப்பைப் பற்றி விசாரிக்கப் போன நாம், பல வீடுகளில் கடனைப் பற்றியும் பிள்ளைகளின் மனதைப் பற்றியும் பேசிவிட்டுத்தான் திரும்பினோம். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நம் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். பீடி சுற்றும் உம்மாவும், வெளிநாட்டிலோ கடையிலோ வேலை பார்க்கும் வாப்பாவும் சேர்ந்து ஓட்டுகிற குடும்பங்கள் இங்கே அதிகம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. நம் பகுதியை அடைத்தார்கள். இலையும் தூளும் வரவில்லை. மடியிலிருந்த தட்டு மூலைக்குப் போனது. விடுமுறையில் வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. அங்கே இருந்தவர்களில் பலர் வேலை இழந்து ஊர் வந்தார்கள். ரேஷன் கார்டுக்கு அரசு சென்ற ஆண்டு 1000 ரூபாயும், இந்த ஆண்டு இரண்டு தவணையாக 4000 ரூபாயும் தந்தது. அது அடுப்புக்கு உதவியது. கடனுக்கு எட்டவில்லை. நகை அடகுக்குப் போனது. குழு லோன் தவணை நின்றது. 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தாலும், அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். "அதுக சின்னப் பிள்ளைக, அதுகளுக்கு எதுக்குக் கவலை?" என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 14, 15 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் நடப்பது தெரியாமல் இருக்காது. உம்மாவின் காதில் கம்மல் இல்லாததை அது பார்க்கிறது. இரவில் வாப்பா போனில் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்கிறது. ஒரு வீட்டில் பத்தாவது படிக்கும் மகள் நம் சகோதரிகளிடம் சொன்னாள்: "குழு லோன் ஆள் வந்தா, உம்மா உள்ளே போயிருவாங்க. நான்தான் கதவைத் திறந்து உம்மா வீட்ல இல்லைன்னு சொல்லணும்." எவ்வளவு கடன், எதற்காக வாங்கியது, எப்போது முடியும் என்று ஒன்றும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான்.

விவரம் தெரியாத பிள்ளை தானாக ஒரு கணக்குப் போடுகிறது. "என் ஃபீஸ், என் நெட் ரீசார்ஜ், என் சாப்பாடு... என்னால்தான் இவ்வளவு செலவு" என்பதுதான் அந்தக் கணக்கு. ஆண் பிள்ளை, "எனக்குப் படிப்பு ஏறலை" என்று சொல்லிவிட்டு செல்போன் கடைக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்குப் படிப்பு வராமலில்லை. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறான். பெண் பிள்ளை எதையும் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். வீட்டில் இருக்கும் ஒரே போனை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, பாடம் போனால் போகட்டும் என்று இருந்துவிடுகிறாள். பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணப் பேச்சு வந்தாலும், அது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும், வாய் திறப்பதில்லை. நாம் இதை "பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுகிறோம். உள்ளே அந்தப் பிள்ளை உடைந்துகொண்டிருக்கிறது.

ஆகவே நாம் சொல்ல வந்த முதல் விஷயம் இதுதான்: வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். இஷாவுக்குப் பிறகு ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். மாதம் இவ்வளவு வருகிறது, கடன் இவ்வளவு இருக்கிறது, இன்னின்ன வகையில் அடைக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். மூன்று வார்த்தைகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். "இந்தக் கடன் உன்னால் வந்ததில்லை. அடைப்பது எங்கள் பொறுப்பு. நீ எங்களுக்குப் பாரம் இல்லை." எங்கே செலவைக் குறைக்கலாம் என்று அவர்களையும் கேளுங்கள். கேட்டால் நல்ல யோசனை சொல்வார்கள். கடன் கேட்டு வருபவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். பெரியவர்களே முன்னால் போய் நின்று பேசுங்கள். கணவன் மனைவி சண்டையையும், சொந்தக்காரர் மீதுள்ள கோபத்தையும் பிள்ளையின் காதில் கொட்டாதீர்கள். கணக்கை மட்டும் சொன்னால் போதும்.

இரண்டாவது விஷயம். சில பிள்ளைகளுக்கு இந்தப் பாரம் பேச்சால் மட்டும் இறங்காது. தூக்கம் கெடுவது, அல்லது பகலெல்லாம் படுத்தே கிடப்பது, சாப்பாடு குறைவது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாமல் தலைவலி, வயிற்றுவலி என்பது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள். "நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்பது போல ஒரு சொல் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அப்படி ஆகாது. பிள்ளைக்கு அது ஆறுதல். திட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை, மருந்துகளைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

"ஈமான் இருந்தால் இப்படி வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது. தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நம் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்களுக்கு வந்த துக்கம் நம் பிள்ளைக்கு வந்தால் அதை எப்படி ஈமான் குறைவு என்று சொல்வது? தொழுகையும் துஆவும் நிச்சயம் வேண்டும். காய்ச்சலுக்கு துஆவும் செய்து மருந்தும் கொடுக்கிறோம்; மனதுக்கும் அப்படியே.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வெளியே போகத் தயங்கும் பிள்ளைகள் போனிலேயே பேசலாம். அரசின் மருத்துவ உதவிக்கு 104, பள்ளிக் கல்விக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே மறைத்து வைக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது, பணம். வாய்ப்பேச்சு மட்டும் பேசிவிட்டு நாம் போய்விட முடியாது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். எனவே கடனுக்காக உதவி கேட்பது பிச்சை ஆகாது. அது உங்கள் உரிமை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அறக்கட்டளை நேராகப் பள்ளியிலேயே கட்டும். உதவி தரும்போது போட்டோ எடுக்க மாட்டோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நோட்டுப் புத்தகம் கொடுக்கும் நிகழ்ச்சி வைக்க மாட்டோம். வகுப்புத் தோழர்கள் முன்னால் கை நீட்டி நின்ற பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

அரசு உதவிகளும் இருக்கின்றன. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை தருகிறது. கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை வைக்கிறது. ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் ரூபாய் தருகிறது. இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். மனு எழுத நம் குழு உதவும். பத்தாவதில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி: சென்ற கல்வியாண்டில் 9, 10, 11-ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. கடைக்கு வேலைக்குப் போன பையன் பதினொன்றாவதில் சேர வழி இருக்கிறது. சான்றிதழை எடுத்துக்கொண்டு அவனையே அழைத்து வாருங்கள்.

தினமும் மஃரிபுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டு, சகோதரிகளே பேசுவார்கள். வீட்டுக்கு வந்து பேச வேண்டும் என்றாலும் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்கும் முன்பாக, "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

நம் குடும்பங்களின் கஷ்டத்தை அல்லாஹ் லேசாக்குவானாக, நம் பிள்ளைகளின் உள்ளத்துக்கு அமைதியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.