பெரிய கறியும் சின்னப் பொய்யும்

(மதுரையில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூட்டம் என்றால் கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி என்று பேசுவோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வாங்கிய கூலி வீட்டுக்குப் போனபின் எங்கே போகிறது? அடுப்புக்குத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஒரு பங்கு கறிக்கடைக்குப் போய், மாட்டுக்கறியாகப் பைக்குள் திரும்பி வருகிறது. அந்தப் பையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்தப் பையைக் கவனித்திருக்கிறீர்களா? ஆட்டுக்கறி வாங்கியவர் பையை ஆட்டி ஆட்டித் தெரு நடுவே வருவார். "என்னண்ணே, கறியா?" என்று யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகவே நாலு இடத்தில் நின்று பேசுவார். மாட்டுக்கறி வாங்கியவரோ பைக்குள் பை, அதற்குள் பேப்பர், மேலே ஒரு கட்டுக் கீரை என்று வைத்துக்கொண்டு ஓரமாக வருவார். "பையில என்ன?" என்றால், "கீரை" என்பார். இரண்டு கிலோ கனக்கிற கீரைக்கட்டு மதுரை ஜில்லாவில் எந்தத் தோட்டத்தில் விளைகிறது என்று யாரும் கேட்பதில்லை. (சிரிப்பு)

ஆலையில் வந்த சந்தேகம்

ஆலைப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். ஒரு தொழிலாளி திங்கட்கிழமைதோறும் சாப்பாட்டு இடைவேளையில் தூக்குச்சட்டியைத் திறப்பார். வாசம் கிளம்பும். "என்னண்ணே, வாசம் தூக்குது! என்ன கறி?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். "ஆட்டுக்கறிடா தம்பி" என்பார். ஆட்டுக்கறி என்று கேட்டதும் ஆறு கைகள் சட்டிக்குள் இறங்கும். கடைசியில் அவருக்கு மிஞ்சுவது கறிவேப்பிலை.

இப்படியே ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் ஒருவர் கேட்டார்: "எனக்கு உள்ள கூலிதானே உனக்கும்? நீ மட்டும் வாரம் தவறாமல் ஆட்டுக்கறி எப்படித் தின்கிறாய்? நிர்வாகத்திடம் தனியாக ஏதாவது வாங்குகிறாயா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டுக்கறி என்று சாதித்தால் கருங்காலிப் பட்டம். மாட்டுக்கறி என்றால் வேறு பேச்சு. கொஞ்ச நேரம் யோசித்தார். "கருங்காலி என்ற பெயர் மட்டும் வேண்டாமப்பா. அது மாட்டுக்கறி" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் மெல்லத் தன் சட்டியைத் திறந்து காட்டினார். "இதுவும் அதுதான். நான் இவ்வளவு நாளும் கோழி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். (பலத்த சிரிப்பு)

இரண்டு பேருக்கும் ஒரே கூலி; ஒரே கறி; ஆனால் இரண்டு பொய். அந்தப் பொய் எதற்கு?

கூச்சம் எங்கிருந்து வந்தது?

கறியில் கூச்சம் இல்லை. கூச்சம் ஜாதியிலிருந்து வந்தது. அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட "தீண்டத்தகாதவர்கள்" என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். மாட்டிறைச்சி தின்பதைக் காரணமாகக் காட்டித்தான் ஒரு கூட்டத்தை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பது அவர் வாதம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். செத்த மாட்டை இழுத்துப் போடுவதும் அதன் இறைச்சியைத் தின்பதும் சில ஜாதியாரின் தலையெழுத்து என்று கிராமத்தில் கட்டாயப்படுத்தி வைத்திருந்தார்கள். அதை விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் 1927-ல் மகாத் மாநாட்டில் சொன்னார். அது மானத்துக்கான போராட்டம். சொந்தக் கூலியில், கடையில் நல்ல கறி வாங்கி, நமக்குப் பிடித்தபடி சமைத்துத் தின்பது வேறு. அதை மறைக்கச் சொல்வதும் நம் மானத்தில் கை வைப்பதுதான். முன்னது திணித்தது, பின்னது பறிப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்று.

இதே மதுரையில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போய்ப் பாருங்கள். முதல் கேள்வி எத்தனை பேர் என்று வரும். இரண்டாவது கேள்வி, "அசைவம் சாப்பிடுவீங்களா?" என்று வரும். "எப்போதாவது" என்று நாம் இழுப்போம். "பெரிய கறி எல்லாம் கூடாது" என்பார் வீட்டுக்காரர். அட்வான்ஸ் பணத்தில் மட்டும் எந்த வாடையும் அவருக்கு அடிப்பதில்லை.

பத்து வயதில் ஓய்வு

நம் ராஜ்யத்தில் 1958-ல் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாமல் போன மாடு, அல்லது அடிபட்டோ தீராத நோயாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போன மாடு, இவற்றையே சான்று பெற்று வெட்டலாம் என்பது அதன் விதி. 1976-ல் வந்த சர்க்கார் உத்தரவு பசுவையும் கிடாரியையும் வெட்டுவதைத் தடுத்தது. ஆகவே இங்கே முறைப்படி கடைக்கு வருவது காளை, எருது, எருமை.

மாட்டுக்கு 10 வயதுக்கு மேல் ஓய்வு. ஆலைத் தொழிலாளிக்கு 58-ல் ஓய்வு. விவசாயத் தொழிலாளிக்கு? வயலில் இறங்கிய நாள் தெரியும்; கரையேறும் நாள் யாருக்கும் தெரியாது.

உழுது, பாரம் இழுத்து ஓய்ந்த மாட்டைச் சந்தையில் விற்கிற காசுதான் சிறு விவசாயி அடுத்த மாடு வாங்குவதற்கு முதல். விற்க முடியாவிட்டால் கிழமாட்டுக்கும் தீவனம் போட வேண்டும், புது மாட்டுக்கும் கடன் வாங்க வேண்டும். நம் சட்டியில் கொதிப்பது அந்த விவசாயியின் கணக்கோடும் சேர்ந்த விஷயம்.

உழைத்த உடம்பு என்பதால் இந்தக் கறி இறுக்கமாக இருக்கும். அவசரப்படுத்தினால் முறைத்துக்கொள்ளும். பதமாக நடத்தினால் உருகிவிடும். தொழிலாளியின் சுபாவம்தான்.

அடுப்படி விஷயம்

முதலில் வெட்டு. கறியில் நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே சின்னத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நாரோடு நீளவாக்கில் வெட்டினால் வெந்த பிறகும் பல்லோடு மல்லுக்கட்டும். ரொம்ப முற்றல் என்றால் பச்சைப் பப்பாளிக்காயை இரண்டு விரல் அளவு அரைத்து அரை மணி நேரம் பிசறி வைக்கலாம். அதன் பாலுக்குக் கறியை இளக்கும் குணம் உண்டு. அளவு மீறினால் கறி களியாகிவிடும்.

கறியை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு சேர்த்து முதலில் தனியாக வேக வைக்கவும். சட்டி என்றால் மூடி போட்டு, நிதானமான தீயில், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். இடையில் தண்ணீர் வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். நாருக்கு இடையே இருக்கும் சவ்வு மெல்ல மெல்லக் கரைந்து பசைபோல் குழம்பில் இறங்கும். அதில்தான் ருசி இருக்கிறது. குக்கரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும்.

மதுரைச் சுக்காவுக்கு: ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம். வரமிளகாய், மல்லி, மிளகு, சோம்பு இவற்றை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக் கொள்ளவும். நல்லெண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கியதும் வெந்த கறியைப் போட்டு, பொடியைத் தூவி, கறி வெந்த தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சுண்ட விடவும். கரண்டி சட்டியில் உரசும் சத்தம் மாறும்போது இறக்கலாம்.

அரைக் கிலோ கறி, ஆறு பேர் என்றால் குழம்புதான் கைகொடுக்கும். ஊறவைத்த மொச்சை, கத்தரிக்காய், முருங்கைக்காய் எது இருந்தாலும் போட்டு, தேங்காய் சோம்பு அரைத்து ஊற்றினால் சட்டி நிறையும். எலும்பு வாங்கினால் துவரம்பருப்பும் கத்தரிக்காயும் சேர்த்துத் தால்சா வைக்கலாம். முஸ்லிம் தோழர்கள் வீட்டில் நெய்ச்சோற்றோடு இதைச் சாப்பிட்டவர்கள், அடுத்த பெருநாள் எப்போது என்று பஞ்சாங்கம் பார்ப்பார்கள்.

குடலுக்குச் சுண்ணாம்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை அலச வேண்டும். அந்த வேலையில் சோம்பல் கூடாது.

பங்குனி, சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள். கறியை மெல்லிய நீளத் துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் அழுந்தத் தடவி, கயிற்றில் கோர்த்து நாலைந்து நாள் கட்டையாகும்வரை காயவிட்டால் உப்புக்கண்டம். வேலையில்லாத மாதத்தில் கஞ்சிக்கு இரண்டு துண்டு பொரித்தால் போதும். காக்காய் விரட்ட அப்பத்தாவைக் காவல் வைப்பார்கள். மாலையில் கயிற்றில் இரண்டு துண்டு குறையும். "காக்காய் தூக்கிட்டுப் போயிருச்சு" என்பார் அப்பத்தா, வாயை மென்றுகொண்டே. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் இந்த உப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உலகமெங்கும் உழைப்பாளிகள் இறுகிய கறியை இப்படித்தான் பதப்படுத்தினார்கள். ஹங்கேரியின் பெயர்போன குலாஷ், மாடு மேய்ப்பவர்கள் கொப்பரையில் வைத்த குழம்பு. அவர்கள் தொழிலின் பெயரே அதற்குப் பெயராயிற்று. கியூபாவில் நார் நாராகப் பிய்யும்வரை வேகவைத்த மாட்டுக்கறிக்குப் "பழந்துணி" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அதைப் பெருமையோடு விருந்தில் பரிமாறுகிறார்கள். கீரைக்கட்டுக்கு அடியில் யாரும் ஒளிப்பதில்லை.

பங்கு பிரிப்பது எப்படி?

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண் தோழர்கள் எழுந்து போய்விட வேண்டாம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. மாட்டுக்கறியில் புரதமும் இரும்புச் சத்தும் நிறைய இருக்கின்றன. கீரையிலும் இரும்பு உண்டு. ஆனால் கறியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டுக்கறி ஒரு கிலோ வாங்கும் காசில் இது இரண்டு கிலோ வரும். தினம் தின்ன வேண்டியதில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீ அந்த இரும்பைப் பாதி வழியில் மறிக்கும்.

ஆனால் வீட்டில் பங்கு எப்படி நடக்கிறது? நல்லி அப்பாவுக்கு. ஈரல் மகனுக்கு. தொடைக்கறி, அழைக்காமலே மூன்றாவது விசிலுக்குச் சரியாக வந்து நிற்கும் மச்சானுக்கு. அம்மாவுக்கு? சட்டியை வழித்துப் பிசைந்த சோறு. ரத்தம் குறைந்தவருக்குக் குழம்பு, மற்றவர்களுக்குக் கறி. ஆலையில் முதலாளி இப்படிப் பங்கு பிரித்தால் சும்மா இருப்போமா? கேட் வாசலில் கொடி ஏறியிருக்காதா? (கைதட்டல்)

வேலையும் அப்படித்தான். ஆலையில் 8 மணி நேரம் முடிந்தால் சங்கு ஊதுகிறது. அடுப்படியில் சங்கு ஊதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நமக்கு லீவு. அவருக்கு அன்றுதான் இரட்டை ஷிப்டு. கறி கழுவுவது, மசாலா அரைப்பது, சமைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவர் தலையில்.

ஒரு தோழரிடம் மனைவி, "விசிலையாவது எண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். தோழர் அப்படியே கண்ணயர்ந்தார. முதல் விசில் அடித்ததும் ஆலைச் சங்கு என்று நினைத்துத் துள்ளி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். தெருமுனையில் மனைவி மறித்து, "எங்கே?" என்றார். "ஷிப்டுக்கு." "இன்றைக்கு ஷிப்டு அடுப்படியில். திரும்புங்கள்" என்றார். (சிரிப்பு)

மாட்டுத்தாவணிக்கு அப்பால்

நம் ஊர் பஸ் நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் என்ன? மாட்டுத்தாவணி. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. பெயரிலேயே மாடு இருக்கிறது. அங்கிருந்து மேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2017-ல் இந்த இரண்டையும் இணைக்கும் ஒரு சம்பவம் நடந்தது.

அந்த ஆண்டு மே 23-ல் மத்திய சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது. வெட்டுவதற்காக மாட்டைச் சந்தையில் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது என்றது. அதை எதிர்த்து மதுரைக் கிளையில் வழக்குப் போடப்பட்டது. என்ன சாப்பிடுவது என்பது தனிமனிதனின் உரிமை என்று வாதாடப்பட்டது. மே 30-ல் நீதிமன்றம் அந்த விதிக்கு நாலு வாரம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டியது. நாட்டுக்கே முன்னால் போன தடை இந்த மண்ணிலிருந்து கிளம்பியது என்பதை மதுரைக்காரர்கள் மறக்க வேண்டாம்.

கோர்ட்டில் கிடைத்தது தெருவில் கிடைத்துவிட்டதா? 2015 செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்தில் தாத்ரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கிளப்பிவிட்ட வதந்தியைக் கேட்டு ஒரு கும்பல் முஸ்லிம் உழைப்பாளி ஒருவரை அடித்தே கொன்றது. அடுத்தவன் சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் அங்கே போய் முடிகிறது. நாம் கீரைக்கட்டை மேலே வைத்துச் சொல்கிற சின்னப் பொய், எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நாமே ஒத்துக்கொள்வதாகும்.

பிடிக்காதவர்கள் சாப்பிட வேண்டாம். அவர்கள் இலையில் யாரும் திணிக்கப் போவதில்லை. சாம்பார் சாப்பிடுகிறவரும் நம் தோழரே. அவருக்குத் தனிக் கரண்டி போட்டுப் பரிமாறுவோம். அதே மரியாதையை அவரும் நம் சட்டிக்குக் கொடுக்கட்டும்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வேலைப் பிரிவினை இதுதான். கறி வாங்குவதும் நறுக்குவதும் ஆண்கள். மசாலா அரைப்பது பெரிய பிள்ளைகள். விசில் எண்ணுவது, தூங்காத ஒருவர். முதல் பங்கு சமைத்தவருக்கு. அதுவும் குழம்பு அல்ல, கறி. பாத்திரம் தேய்ப்பது, யார் அதிகம் தின்றார்களோ அவர்கள். மச்சான் வந்தால் அவரும் தேய்க்கலாம்.

கறி வேகும்வரை மூடி இருக்கட்டும். வெந்த பிறகு திறந்துவிடுங்கள். வாசம் தெருவுக்குப் போகட்டும். யாராவது "என்ன கறி?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லி, ஒரு கிண்ணம் கொடுங்கள்.