முதல் வருடக் கணக்கு



கணக்காளன் ஒருவன் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தால் வருமான வரியைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "இதென்ன, விளையாட்டோ சண்டையோ?" என்று கேட்கிற அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி.

அங்கே தொழில்முறை அணிகளின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்த மறுநாளைக் 'கறுப்புத் திங்கள்' என்பார்கள். தோற்ற அணிகளின் தலைமைப் பயிற்றுவிப்பாளர்கள் வேலையிழக்கும் நாள் அது. அப்படியொரு திங்களன்று தொலைக்காட்சியில் செய்தி போனபோது, "தோத்தால் அனுப்பத்தானே வேணும்" என்றேன். என் மகன் திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு ரொம் லாண்ட்ரியைத் தெரியுமே?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் சொன்ன கதையைத் தொழில் பழக்கத்தில் நானும் இலக்கங்களோடு சரிபார்த்தேன்.

டலஸ் கௌபோய்ஸ் என்ற அணி 1960 ஜனவரியில் உருவானது. கல்லூரிகளிலிருந்து புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே ஏற்கெனவே இருந்த 12 அணிகளும் விட்டுக்கொடுக்கச் சம்மதித்த வீரர்களிலிருந்து, அணிக்கு மூன்று பேராக 36 பேரை எடுத்தார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவர்களை வைத்துத்தான் தொடங்கினார்கள் என்று சொல்லலாம். அவர்களுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வந்தவர் லாண்ட்ரி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பொறியியல் படித்தவர்.

முதல் வருடம் 12 ஆட்டங்கள். 11 தோல்வி, ஒன்று சமநிலை. வெற்றி ஒன்றுமில்லை. நான்கு வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் 54 ஆட்டங்களில் 13 வெற்றி, 38 தோல்வி, 3 சமநிலை. எந்த நிர்வாகசபையும் இந்தக் கணக்கைப் பார்த்தால் என்ன செய்யும்? அணியின் உரிமையாளர் கிளின்ற் மேர்ச்சிசன் 1964இன் தொடக்கத்தில் லாண்ட்ரியின் ஒப்பந்தத்தை மேலும் பத்து வருடங்களுக்கு நீடித்தார்.

வர்த்தகம் படித்தவர்களுக்குத் தெரியும்: இலாப நட்டக் கணக்கு என்று ஒன்று உண்டு, ஐந்தொகை என்று ஒன்று உண்டு. முதலாவது இந்த வருடம் என்ன நடந்தது என்று சொல்லும். இரண்டாவது கையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். டலஸின் இலாப நட்டக் கணக்கு படுமோசம். ஆனால் ஐந்தொகையைப் பாருங்கள். 1961இல் பொப் லில்லி வந்தார். பின்னாளில் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த தடுப்பு வீரர்களில் ஒருவரானார். 1964க்கான தெரிவில் ரோஜர் ஸ்டோபாக்கை எடுத்தார்கள். அவர் கடற்படைக் கல்லூரி மாணவர். படிப்பு முடிந்ததும் கடற்படையில் சேவை செய்தாகவேண்டும். உடனே வரமுடியாது என்று தெரிந்தே எடுத்தார்கள். அவர் அணியில் சேர்ந்தது 1969இல். லாண்ட்ரியின் தடுப்பு முறையும் அப்படித்தான். வீரர் பந்தைத் துரத்தி ஓடாமல் தனக்குரிய இடத்தைக் காத்து நிற்கவேண்டும். ஒரே நாளில் பழகக்கூடிய விடயமல்ல.

1966இலிருந்து 1985 வரை இருபது வருடங்கள், தோல்விகளைவிட வெற்றிகள் கூடிய வருடங்களாகவே அமைந்தன. 1972 ஜனவரியிலும் 1978 ஜனவரியிலும் சூப்பர் போல் கிண்ணத்தை வென்றார்கள். இரண்டிலும் அணியை வழிநடத்தி விளையாடியவர் அந்த ஸ்டோபாக்தான்.

கணக்கை நேர்மையாகச் சொல்வதென்றால் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 1988இல் அணி 13 ஆட்டங்களில் தோற்றது. 1989இல் அணியை வாங்கிய ஜெரி ஜோன்ஸ் லாண்ட்ரியை நீக்கினார். அவருடைய இடத்துக்கு வந்த ஜிம்மி ஜோன்சனின் முதல் வருடம்? ஒரு வெற்றி, 15 தோல்வி! அவரையும் வைத்திருந்தார்கள், 1993 ஜனவரியில் கிண்ணம் வந்தது. ஆக, பயிற்றுவிப்பாளரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மாற்றுவதற்கு முன்னர் எந்தக் கணக்கைப் பார்த்தோம் என்பதே என் கேள்வி.

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், நேயர்களே, நானும் ஒருமுறை ஒரு பயிற்றுவிப்பாளரை நீக்கக் கை உயர்த்தியவன்.

பல வருடங்களுக்கு முன், எங்கள் பிள்ளைகளின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்குப் பொருளாளராக இருந்தேன். பயிற்றுவித்தவர் வெள்ளி இரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, சனிக்கிழமை காலை நித்திரை இல்லாமல் மைதானத்துக்கு வருவார். சம்பளம் கிடையாது. அந்த வருடம் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றுதான் வெற்றி. கூட்டத்தில் அந்த இலக்கத்தை வாசித்தவன் நான்தான். தொடக்கத்தில் 12 பிள்ளைகள் வந்தார்கள், முடிவில் 26 பேர் வந்தார்கள் என்ற இலக்கமும் என் கொப்பியில் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

சம்பளத்துக்குப் புதியவர் வந்தார். இரண்டு கோப்பைகளும் வந்தன. கெட்டிக்காரர் விளையாட, மற்றவர்கள் ஓரத்தில் இருந்து பார்த்தார்கள். பிறகு பார்க்கவும் வரவில்லை. அப்படி நின்றுபோனவர்களில் என் மகனும் ஒருவன். லாண்ட்ரியைப் பற்றி அவன் அதை நினைத்துத்தான் கேட்டானோ தெரியாது. நானும் கேட்கவில்லை.

அண்மையில் மரக்கறிக் கடையில் அந்தப் பழைய பயிற்றுவிப்பாளரைக் கண்டேன். நான் என்ன சொல்வதென்று யோசிக்க முன்னரே அவர் கேட்டார்: "அண்ணை, தம்பி எப்பிடி? இப்பவும் விளையாடுறாரோ?"

உங்கள் கழகங்களிலும் வருடக் கூட்டங்கள் வரும். தோல்விகளை எண்ணுங்கள், அது தேவைதான். எத்தனை பிள்ளைகள் விரும்பி வருகிறார்கள் என்பதையும் எண்ணி, அதையும் சத்தமாக வாசியுங்கள்.