ஒரு கணினி, தனித்தனிக் கணக்கு



நம் முன்னோர் வெட்டிய பால் ரப்பராகிக் கப்பலேறிய இப்போர்ட் கிள்ளானில் இன்று பழைய கணினியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். லுபுந்து போன்ற இலேசான லினக்ஸ், நினைவகம் குறைந்த கணினியிலும் இயங்கும், விலையும் இல்லை. ஆனால் வீட்டார் அனைவரும் ஒரே கணக்கில் புழங்கினால், தந்தையாரின் சேமநிதி விவரமும் வங்கிக் கடிதமும் வருவோர் போவோர் கண்ணில் படும். அக்காளின் பள்ளிப் பாடம் தம்பியின் விளையாட்டில் அழியும்.

செக்ரோலில் கிராணியார்தாமே பெயர் பதிவார்? அதுபோல் நிர்வாக உரிமை ஒருவரிடமே இருக்கட்டும். லினக்ஸை நிறுவும்போது உண்டாகும் முதற்கணக்குக்கே அவ்வுரிமை உண்டு. அதிலிருந்து 'சூடோ ஆட்யூசர்' என்னும் கட்டளையோடு பெயரை எழுதினால், புதுக் கணக்கும் அதற்குரிய கோப்புறையும் அமையும். கடவுச்சொல்லை எழுதும்போது திரையில் ஒன்றும் தோன்றாது. ஆயினும் அது பதிவாகிறது. பலர் இங்கேதான் திகைக்கிறார்கள்! பின்னர் 'சூடோ சிஎச்மோட் 700' என்பதோடு அக்கோப்புறையின் முழு முகவரியைச் சேர்த்தால், நிர்வாகியைத் தவிரப் பிறர் உள்ளே நுழைய இயலாது.

கணினியே களவு போனால் இப்பூட்டு போதாது. நிறுவும்போதே வட்டு மறையாக்கத்தைத் தேர்ந்திடுக. அதன் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை. தாளில் எழுதி நகைப்பெட்டியில் வைத்திடுவீர்.