டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவு நின்றது ஏன்?

(பொதுக்குழுக் கூட்டத்தில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பி பிளாக் பார்க்கிங்கில் ஒரு ஸ்கூட்டரை யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். கேமராப் பதிவைத் தேடினால், நான்கு நாட்களாகப் பதிவே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு டெராபைட்டுக்கு மேல் காலி என்று காட்டியது. "கமிட்டியே அழித்துவிட்டதா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான சந்தேகம்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

நம் அலுவலகக் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. கணக்கு, ஆவணங்கள், கேமராப் பதிவு மூன்றும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. கேமராவே எல்லா இடத்தையும் பிடித்துவிடக் கூடாது என்று அதன் யூசர் கணக்குக்கு 500 ஜிபி வரம்பு வைத்தோம். இதற்குப் பெயர் கோட்டா.

அங்கே காலி இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்' கட்டளை, மொத்த டிஸ்க்கின் கணக்கைத்தான் சொல்லும். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று சொல்லாது. மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், நம் வீட்டு வால்வு மூடியிருந்தால் குழாயில் வராது அல்லவா? அதே கதைதான். பங்கைத் தெரிந்துகொள்ள 'கோட்டா' என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

எல்லா சிஸ்டமும் இப்படி இல்லை. விண்டோஸில் கோட்டா வைத்தால், அந்தப் பயனருக்கு மிச்சமிருப்பதே காலி இடமாகத் தெரியும். இசட்எஃப்எஸ்ஸில் ஒரு பகுதிக்கு வரம்பு வைத்தால் டிஎஃப்பும் அதற்கு உட்பட்ட அளவையே காட்டும். நம்முடைய இஎக்ஸ்டி4-இல் யூசர் கோட்டா அப்படித் தெரியாது.

இதில்தான் வினை வந்தது. டிஸ்க்கில் காலி இடம் குறைந்தால் பழைய பதிவை அழிக்கும்படி ரெக்கார்டிங் மென்பொருளை அமைத்திருந்தோம். அதன் கண்ணுக்கு ஒரு டெராபைட் காலி! அதனால் எதையும் அழிக்கவில்லை. 500 ஜிபி நிரம்பியதும் புதிய பதிவு எழுத முடியாமல் நின்றுவிட்டது. யாரும் எதையும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டியது அழியாததுதான் பிரச்சினை.

இப்போது 15 நாளுக்கு மேற்பட்ட பதிவு தானாக அழியும். மென்பொருளுக்குள்ளேயே 400 ஜிபி என்று வரம்பு வைத்துவிட்டோம். திங்கட்கிழமைதோறும் கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்து, செக்யூரிட்டி சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவார்.

உங்கள் போனிலும் இது நடக்கும். போனில் 60 ஜிபி காலியாக இருக்கலாம். ஆனால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது நிரம்பினால் மெயில் வராது. நம் மெயின்டனன்ஸ் பில்லும் வராது! இன்றே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்கூட்டர் உரிமையாளரிடம் கமிட்டி சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.