அந்த மாத்திரையைப் பற்றியும் பேசுவோம்



கடன், வட்டி, தணிக்கை எல்லாம் காலையிலேயே பேசி முடிச்சாச்சு. எனக்குக் கொடுத்த தலைப்பு பெண்கள் ஆரோக்கியம். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில் ரத்தசோகை பற்றி எத்தனையோ மேடையில் பேசியிருக்கேன். தாம்பத்தியம் பற்றி ஒரு மேடையிலும் பேசினதில்லை. இன்னைக்குப் பேசுறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க, காது மட்டும் இங்க இருக்கட்டும்.

நம்ம குழுச் சகோதரி ஒருத்தர், மில் வேலைக்குப் போறவர். பேர் வேண்டாம், சொல்லச் சொன்னதே அவர்தான். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். உறவு என்றாலே எரிச்சல், வலி. வீட்டுக்காரர் வேற மாதிரி சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டார். ஆம்பிளைகள் போடுற நீல மாத்திரையை யாரோ சொல்லி, சீட்டு இல்லாமலே வாங்கி, பாதி போட்டிருக்கிறார். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர். தலை சுத்தி குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல். டாக்டரிடம் சொன்னது, "வழுக்கி விழுந்துட்டேன்". உண்மை எனக்குத் தெரிஞ்சது ராத்திரி பத்து மணிக்கு.

அந்த நீல மாத்திரையின் பேர் சில்டெனாஃபில். ரத்தக் குழாயை விரிக்கும், பிரஷரை இறக்கும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைக்கிறவங்க இதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பெண்களுக்கும் உதவுமா என்று வருஷக்கணக்கில் சோதிச்சுப் பார்த்துட்டு, தயாரித்த ஃபைசர் கம்பெனியே 2004-ல் அந்த முயற்சியைக் கைவிட்டது.

பெண்களுக்கென்றே ஒரு மாத்திரை வந்தது, ஃப்ளிபான்செரின். 2015-ல் அமெரிக்காவில், மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு அனுமதித்தாங்க. அது ஆசை குறைந்ததற்கான மாத்திரை. வறட்சிக்கோ வலிக்கோ அல்ல. ராத்திரி படுக்கும்போது தினமும் போடணும், எட்டு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்தணும். மதுவோடு சேர்ந்தால் மயக்கம் போட்டு விழ வைக்கும். ஈரல் கோளாறு உள்ளவங்களுக்கு ஆகாது. இன்னொன்றைக் கவனிங்க: அரிப்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் நாம சாதாரணமா வாங்கிப் போடுற ஃப்ளூகோனசோல் இருக்கே, அதோடும் சேரக் கூடாது.

மூலிகை, சூரணம் என்று விளம்பரம் வருதே? தாம்பத்திய சுகத்தைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கு. அப்படி விற்ற மூலிகைப் பொடிகளில் சில்டெனாஃபிலைக் கலந்திருந்ததை வெளிநாடுகளில் பலமுறை கண்டுபிடித்திருக்காங்க. டப்பாவில் எழுதியிருக்காது. விழுந்த பிறகுதான் தெரியும்.

மாத்திரையைத் தேடுவதற்கு முன்னால் காரணத்தைத் தேடணும். மாதவிலக்கு நின்ற பிறகும், பால் கொடுக்கிற காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி வரும். சர்க்கரை நோய், ரத்தசோகை, சில பிரஷர் மாத்திரை, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவையும் காரணம் ஆகலாம். ஆனால் அந்த மாத்திரைகளை நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லை வேற மாத்திரைக்கு மாற்றுவார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துட்டு வந்த உடம்பு, குடிச்சுட்டு வந்தவர் பக்கத்தில் விரும்பிப் படுக்கலைன்னா, அதற்கு மருந்துக் கடையில் என்ன இருக்கு?

நம்ம சகோதரிக்கு வறட்சிதான். பிரஷர் சீட்டு, மார்பகக் கட்டி ஏதும் உண்டா என்று எல்லாம் விசாரிச்சு, பிறப்புறுப்பில் தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுத்தாங்க, தண்ணீரில் ஆன ஜெல்லும் சொன்னாங்க. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீங்க. ஆணுறை போடுற வீட்டில் வேண்டாம், எண்ணெய் பட்டால் ஆணுறை கிழிஞ்சிடும்.

நம்ம திண்டுக்கல் சீமைக்கு இந்தப் பேச்சு புதுசு இல்லை. டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து ஆத்தூர் ஒன்றியத்துக்குள் வீடு வீடாகப் போய் குடும்பக் கட்டுப்பாடு பேசினாங்க. அதைக் கேட்டு அன்னைக்கு முகத்தைத் திருப்பினவங்களின் பேத்திகள்தான் இங்கே முன்வரிசையில் இருக்கீங்க.

2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவர்ற தன்னார்வலர், நம்ம குழுப் பெண்தான். அவரிடம் கேட்க முடியலைன்னா 104-க்கு போன் பண்ணுங்க, முகம் தெரியாது. டாக்டரிடம் போகும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. ரகசியமாப் போட்டதையும்தான்.

சாப்பாடு ஆன பிறகு பின்பக்க அறையில் இருப்பேன். ஒருத்தர் ஒருத்தரா வாங்க. வெளியே தலைவி அக்கா உட்கார்ந்திருப்பாங்க, ஆம்பிளைகள் யாரும் வரமாட்டாங்க.